மூன்றால் பெருக்கிய சம்பளம்

ஜொகூரின் உலு திராமில் ஒரு பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தால் நாம் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு?" பதில் வந்ததும் மனசுக்குள் மூன்றால் பெருக்கிவிடுகிறோம். 2,400 வெள்ளி என்றால் 7,200 ரிங்கிட். நாணயம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் அதற்கும் மேலே. "பையன் பிழைச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். 1973 மே மாதம் வரை இரண்டு நாட்டுக் காசும் ஒன்றுக்கொன்று சமமாக மாறின. அதற்குப் பிறகு வந்த இந்தப் பெருக்கல் வாய்ப்பாடுதான் நம் கண்ணை மறைத்தது. பெருக்கி வந்த தொகை பெரிதாக இருந்ததால், பெருக்குவதற்கு முன் இருந்த எண் நியாயமானதா என்று பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை.

கால் சென்டர் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்களின் கஷ்டம் நமக்குத் தெரிந்தது. குளிரூட்டிய அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காரும் வேலையைக் கஷ்டம் என்று நாம் கணக்கில் எடுக்கவில்லை. "உட்கார்ந்து பேசுறதுதானே" என்றோம். கோத்தா திங்கி சாலையில் விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்து, காஸ்வே நெரிசலில் ஊர்ந்து, குடிநுழைவைக் கடந்து, அங்கே பஸ் பிடித்துப் போய்ச் சேர்கிற அந்தப் பிள்ளை, கம்பெனிக் கணக்குப்படி அதுவரை வேலையே தொடங்கவில்லை.

வேலை தொடங்குவதும் அவ்வளவு எளிதில்லை. கணினியைப் போட வேண்டும். நாலைந்து மென்பொருளைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் கொடுத்து, தொலைபேசி அமைப்பில் லாக்-இன் செய்து, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் ஷிஃப்ட் நேரம் ஓடத் தொடங்கும் என்றால், அதற்கு முந்தின பத்துப் பதினைந்து நிமிடம் யாருடையது? 2022 அக்டோபரில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. லாஸ் வேகஸில் ஒரு கால் சென்டரின் ஊழியர்கள் தொடுத்த வழக்கு அது. கணினியை இயக்கும் நேரமும் அவர்களுடைய வேலையின் பிரிக்க முடியாத பகுதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். நம் வீட்டுப் பிள்ளை அரை மணி நேரம் முன்பே போய் உட்காருகிறான் என்று கேட்டபோது நாம் சொன்னது, "நல்ல பழக்கம்."

சம்பளச் சீட்டை ஒரு தடவையாவது வாங்கிப் பார்த்திருக்கலாம். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல் பிரித்து எழுதிய சம்பளச் சீட்டும், முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும் கட்டாயம். அந்தத் தாள் நம் வீட்டு மேசை மேல்தான் கிடந்தது. அதில் 2,400 என்று ஒரே வரியாக இருக்காது. உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 1,800, மிச்சம் 600 வருகைப் படி, ஷிஃப்ட் படி, ஊக்கத்தொகை என்று இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் போடப்படும். 1,800ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணியாலும் வகுத்தால் மணிக்கு 9 வெள்ளி 44 காசு. ஒன்றரை மடங்கு என்றால் 14.16. அந்த 2,400ம் அடிப்படையாகவே இருந்திருந்தால் 18.88. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் வித்தியாசம் 94 வெள்ளி. நமக்குப் பிடித்த ரிங்கிட் கணக்கில் ஏறக்குறைய 300. இப்படிப் பிரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் "அடிப்படை எவ்வளவு தம்பி?" என்று கேட்கக் கூட உறவில் ஓர் ஆள் இல்லாமல் போனதை என்ன சொல்வது? கல்யாணப் பத்திரிகையில் இனிஷியல் தப்பாக இருந்தால் அச்சகம் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிற உறவு இது.

படி என்பது ஒட்டிக்கொண்டிருக்கும் பணமும் இல்லை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் வருகைப் படி போய்விடலாம். அழைப்பு ஒன்றுக்கு ஆகும் சராசரி நேரம் கூடினால் ஊக்கத்தொகை குறையலாம். வாடிக்கையாளர் கத்துகிறார், பொறுமையாகக் கேட்டால் நேரம் ஏறும், சீக்கிரம் முடித்தால் தர மதிப்பெண் இறங்கும். கழிவறைக்குப் போவதற்கும் திரையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும். எழுந்த நிமிடமும் திரும்பி உட்கார்ந்த நிமிடமும் பதிவாகும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்ளும் மகளை "தலைக்கனம் வந்துட்டுது" என்றவர்களும் நாம்தான். பகல் முழுக்கப் பேச்சையே கூலிக்கு விற்றவளுக்கு வீட்டில் கொடுக்க எதுவும் மிச்சமில்லை என்பது நமக்குப் பிடிபடவில்லை.

இன்னும் பெரிய விஷயத்தையும் நாம் தெரிந்துகொள்ள முயலவில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் நிறுவனம் தன் முழுநேர உள்ளூர் ஊழியருக்குக் குறைந்தது இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளியாக உயர்ந்தது. அந்த வரம்பு உள்ளூர்க்காரருக்கு மட்டும். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் போகிறவருக்காவது ஒரு குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. வொர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு அரசு அப்படி எதையும் நிர்ணயிக்கவில்லை. சி.பி.எஃப். சந்தாவும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஆக, பக்கத்து நாற்காலியில் அதே ஹெட்செட்டோடு உட்காரும் ஆளுக்கு முதலாளி கட்டும் சேமநிதி நம் பிள்ளைக்குக் கிடையாது. இங்கே இ.பி.எஃப்.பில் சுயமாகப் பணம் போட்டால்தான் உண்டு. அதைச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. முப்பது வயதில் நல்ல மோட்டார் சைக்கிளும் பூஜ்யம் சேமநிதியுமாக நிற்கிற பையன்களை நாம் "செட்டில் ஆனவர்கள்" என்கிறோம்.

முதலாளி அந்தப் பெர்மிட்டுக்கு அரசுக்கு மாதாமாதம் லெவி கட்டுகிறார் என்பது உண்மை. அதைக் காரணம் காட்டி அடிமாட்டுச் சம்பளம் பேசுவதும் நடக்கிறது. லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது அங்கே குற்றம் என்ற ஒரு வரி நம் தாமான்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தன்முனைப்புப் பேச்சாளர்களைக் கூப்பிட்டு மண்டபம் நிறைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வேலை ஒப்பந்தத்தைப் படித்து விளக்க ஒரு ஆள் என்று எந்தச் சங்கமும் போடவில்லை. சங்கத்தில் பதவி வகித்தவர்களில் பாதிப்பேர் அந்தக் காஸ்வேயையே கடந்து சம்பாதித்தவர்கள்.

"இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்தானே, அங்கே அதைவிட மேல்தானே" என்பார்கள். இந்த வாதத்தைச் சொல்லிச் சொல்லித்தான் நாமே சம்பளத்தைக் குறைத்துவிட்டோம். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் உலு திராம் வாடகையைக் கேட்டு அதற்கேற்ப மரியாதையாகப் பேசுவதில்லை. வேலை சிங்கப்பூர் வேலை. ஒப்பிட வேண்டியது பக்கத்து நாற்காலியை.

இது நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடமா? நம் தாத்தாக்கள் இந்த மண்ணுக்கு வெளிநாட்டுத் தொழிலாளியாக வந்தவர்கள். மலாயாத் தோட்டங்களில் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோது, 1938 ஜூனில் இந்திய அரசு இங்கே ஆள் அனுப்புவதையே தடை செய்தது. ஐந்து காசுக்காக. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது. துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, தொழிலாளிகள் செத்தார்கள், தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளி கேட்ட கேள்வியை டிப்ளோமா படித்த பேரப்பிள்ளை கேட்கவில்லை என்றால், அதைக் கேட்கலாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

நாம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு விடை நம் தெருவிலேயே இருக்கிறது. முடிதிருத்தும் கடையிலும் உணவகத்திலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் வேலை செய்கிறார்கள். ஊர் எது என்று விசாரிக்கிறோம். ராமநாதபுரமா புதுக்கோட்டையா என்று சொந்தம் கொண்டாடுகிறோம். சம்பளம் மாதாமாதம் வருகிறதா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்பதில்லை. கடை முதலாளி நம் ஆள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், எதற்கு வம்பு. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 60எல் பிரிவு, உள்ளூர்த் தொழிலாளியோடு ஒப்பிடத் தனக்குப் பாகுபாடு காட்டப்படுகிறது என்று வெளிநாட்டுத் தொழிலாளி புகார் செய்யவும் வழி தருகிறது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டவருக்கும் இ.பி.எஃப். கட்டாயம், முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. இதையெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும் என்று சும்மா இருந்தோம். அந்நியனுக்குக் கொடுப்பது கருணை, அவன் கணக்குக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அதே எண்ணத்தோடுதான் நம் பிள்ளையையும் "கொடுக்கிறதை வாங்கிக்கிட்டு அமைதியா இரு" என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினோம்.

இந்த மௌனத்தின் கடைசிக் கோடி கம்போடியாவிலும் மியன்மாரிலும் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவை வேலை, பெரிய சம்பளம், தங்குமிடம் இலவசம் என்று கூட்டிப் போய் மோசடி அழைப்பு செய்ய வைக்கும் முகாம்கள். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரும் அப்படி அடைபட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. மலேசியர்களும் தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்கும் பழக்கம் இருக்கும் வீட்டில் அந்த விளம்பரம் ஒரு நாளாவது கூடுதலாகத் தடுமாறியிருக்கும்.

சிங்கப்பூர்ப் பக்கம் இன்னும் செய்யக்கூடியது உண்டு. சம்பள பாக்கி, ஓவர்டைம் பாக்கி என்றால் 2017இலிருந்து அங்கே டி.ஏ.டி.எம். என்ற சமரச அமைப்பும், அதில் தீராவிட்டால் வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. வெளிநாட்டவரும் போகலாம். வேலையில் இருக்கும்போது என்றால் பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள்; வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வேலையை விட்டு ஊருக்கு வந்த பையன் மாமாக் கடையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் முன்பே போய் லாக்-இன் செய்த கதையைச் சொல்லத் தொடங்கும்போது பெரும்பாலும் ஏழாவது மாதம் ஆகியிருக்கும். "விடு தம்பி, அடுத்த வேலையைப் பாரு, எவ்வளவு குடுக்குறான்?" என்று கேட்டுவிட்டு நாம் மறுபடியும் மூன்றால் பெருக்குகிறோம்.