ரேஷன் பாமாயில்: விஷமும் அல்ல, விருந்தும் அல்ல

ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று தமிழக விவசாயிகள் கேட்டுவருகிறார்கள். கோரிக்கை நியாயமானது. ஆனால், ‘பாமாயில் விஷம்’ என்று சொல்லிக் கேட்டால் வாதம் நிற்காது.

பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்தக் கொழுப்பு மிகுந்தால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். தேங்காய் எண்ணெயிலோ இது 80 சதவீதத்துக்கும் மேல். ஆகவே, இதயத்தைக் காரணம் காட்டித் தேங்காய் எண்ணெயைக் கேட்க முடியாது. தென்னை விவசாயியின் வருமானத்தைச் சொல்லியே கேட்க வேண்டும்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டரை நால்வர் ஒரு மாதம் பயன்படுத்தினால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம்கூட வராது. அது அஞ்ச வேண்டிய அளவல்ல. எல்லாச் சமையலுக்கும் பாமாயிலையே ஊற்றுவதும், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும்தான் கெடுதல். கடையில் வாங்கும் பிஸ்கட், மிக்சர் வழியாகவும் பாமாயில் உள்ளே போகிறது என்பதை மறக்காதீர்கள்.

நிலக்கடலை, எள் பயிரிடுவோர் விளைச்சல் முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டுத் தேவைக்கு ஒரு பங்கை ஒதுக்கிச் செக்கில் ஆட்டிக்கொள்ளுங்கள். குழம்புக்கும் தாளிப்புக்கும் அது போதும். பாமாயில் சூடு தாங்கும். அதைப் பொரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதில் மறுபடி பொரிக்காமல், வடிகட்டி ஓரிரு நாளில் தாளித்துத் தீர்த்துவிடுங்கள். எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் முக்கால் லிட்டரைத் தாண்ட வேண்டாம்.