தலையெழுத்து அல்ல

"அவன் விதி அவ்வளவுதான். சாகணும்னு முடிவெடுத்தவனை யாரால தடுக்க முடியும்?" திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், கலசப்பாக்கம், சேத்துப்பட்டுப் பக்கத்து ஊர்களில் ஒரு விவசாயி தன்னை மாய்த்துக்கொண்டால், துக்க வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஆறுதல் வார்த்தை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. பஞ்சாயத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் போய், கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சாக்காகிறது. அது பொய், உயிரைக் குடிக்கும் பொய்.

2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 728 விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் இப்படி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. கருகிய மணிலா, விற்பனைக்கு முன்பே நனைந்துபோன நெல், வட்டிக்காரர் வாசலில் நின்று கேட்ட கேள்வி எல்லாம் ஒருவரை மாதக்கணக்கில் அரிக்கின்றன. ஆனால் 'போதும்' என்று எழும் அந்த வேகம் பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான். அதில் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. பட்டணத்தில் இருப்பவருக்கும் அந்த வேகம் வரும். உழவர் வீட்டில் மட்டும் அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இலங்கையைப் பாருங்கள். 1995இல் உலகிலேயே மிக மோசமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் அதுவும் ஒன்று. கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே எண்ணிக்கை இறங்கத் தொடங்கி, இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. அந்த மக்களின் கடன் தீர்ந்துவிடவில்லை, வறட்சியும் ஓயவில்லை. கடைகளில் விற்ற நஞ்சு மாறியது, அவ்வளவுதான். விதி என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நமக்குப் பக்கத்திலேயே, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு பூச்சிமருந்துக்கென்று ஊர்ப் பொதுக் கிடங்குகளை அமைத்தது. ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி; வேண்டியபோது வந்து எடுத்துப் போகலாம். கிடங்கு இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டபோது இங்கே இறப்பு குறைந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில், வீட்டுக்குள் பூட்டுப் பெட்டி கொடுத்தால் பலன் உண்டா என்று சோதித்தார்கள். பலனில்லை. சாவி வீட்டிலேயே இருந்தால் பூட்டு எதற்கு? நஞ்சு வீட்டை விட்டே வெளியேற வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கும் இது தெரியாததல்ல. 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தற்கொலைத் தடுப்பைக் காரணம் காட்டியே தடை போட்டது. அந்தத் தடை 60 நாள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குத் தற்காலிகத் தடை போடும் அதிகாரம்தான் கொடுத்திருக்கிறது. நிரந்தரத் தடை டெல்லியின் கையில். அதைக் கேட்டு நம் எம்.பி.க்கள் ஏன் முழங்குவதில்லை?

கடனைத் தள்ளுபடி செய், மனசு தானாகச் சரியாகும் என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். கடன் தீர வேண்டும், விலை கிடைக்க வேண்டும், மறுப்பில்லை. அதுவரை அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டாமா?

திருவண்ணாமலைக்கு மன அமைதி தேடி உலகமே வருகிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அதில் ஆறுதல் அடைபவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமின்றிக் கிடப்பவரிடம் "ஒரு கிரிவலம் போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டு நகர்வது கைகழுவுதல். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாண்ணே?" கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். முளைக்காது. கேட்ட மாத்திரத்தில் பலருக்குப் பாரம் இறங்குகிறது.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாளில் ஏரி, மின்சாரம், பயிர்க்காப்பீடு எல்லாவற்றுக்கும் அதிகாரிகள் வருகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்கும் அங்கே ஒரு மேசை போடுங்கள். கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் பூச்சிமருந்துக்கு ஓர் அறை ஒதுக்குங்கள். ஒவ்வொரு உரக்கடையிலும், மருந்து வாங்குபவர் கண்ணில் படும் உயரத்தில், 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.