தாழ்ப்பாள் வாங்கப் பாட்டியையும் கூட்டிப் போங்கள்!

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் டைல்ஸ் பார்க்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். பெயின்ட் நிறத்தை முடிவு செய்யக் குடும்பமே கூடி விவாதம் நடத்துகிறது. ஆனால் கதவு, ஜன்னல், அலமாரிகளுக்கு வேண்டிய கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் என்று வரும்போது மட்டும், "ஆசாரி, நீங்களே பார்த்து வாங்கிட்டு வந்துடுங்க" என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இவை கடைசியில் வருகிற சாமான்கள். அதற்குள் பட்ஜெட் கையைக் கடித்திருக்கும். அப்படியே கடைக்குப் போனாலும், பளபளவென்று மின்னுவதைப் பார்த்து எடுத்து வருகிறோம்.

வீட்டில் சின்னக் குழந்தை முதல் தாத்தா வரை எல்லோரும் தினம் பல தடவை கை வைக்கிற சாமான் இது. அதனால் இது அழகைவிட ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதே என் கட்சி. வீட்டிலேயே யாருடைய கை மிகவும் பலவீனமானதோ, அந்தக் கையால் திறக்க முடிகிறதா? அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

குளியலறையில் தொடங்குங்கள்

உலகில் தற்செயலான விபத்துகளில், சாலை விபத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களைப் பறிப்பது கீழே விழுவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். இவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

நம் வீடுகளில் ஈரமும் சோப்பும் சேர்ந்து வழுக்குகிற இடம் குளியலறை. உள்ளே போனவர் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். சர்க்கரை குறைந்தோ, ரத்த அழுத்தம் இறங்கியோ தலை சுற்றி விழுந்துவிட்டால்? வெளியே நிற்பவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். உடைக்க ஆள் தேடி ஓடுவதற்குள் அருமையான நிமிடங்கள் போய்விடும். கதவு உள்பக்கமாகத் திறப்பது என்றால் இன்னும் கஷ்டம். விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும். வேகமாகத் தள்ளினால் அவருக்கே அடிபடும்.

இதற்கு வழி இருக்கிறது. உள்ளே தாழிட்டாலும் வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசையோ ஸ்க்ரூ டிரைவரையோ வைத்துத் திருப்பினால் திறக்கிற பூட்டு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. "அப்போ யார் வேணும்னாலும் திறந்துடலாமே?" என்று கேட்கலாம். சும்மா தள்ளினால் திறக்காது. காசை வைத்துத் திருப்பினால்தான் திறக்கும். கூச்சத்துக்கு இந்தப் பாதுகாப்பு போதும். கதவை மாற்றும் வேலை நடக்கும்போதே, இடம் இருந்தால் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்துவிடுங்கள்.

குளியலறைக்கு வெளியே போடும் தாழ்ப்பாளிலும் கவனம் வேண்டும். உள்ளே பாட்டி இருப்பது தெரியாமல் பேரன் விளையாட்டாகப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உருண்டைக் குமிழ் வேண்டாம்

உருண்டைக் குமிழை இறுக்கிப் பிடித்துத் திருக வேண்டும். விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு அது தண்டனை. கீழே அழுத்தினால் திறக்கிற நீளக் கைப்பிடி என்றால் முழங்கையாலேயே திறக்கலாம். கனடாவின் வான்கூவர் நகரத்தில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு இப்படிப்பட்ட கைப்பிடிதான் போட வேண்டும் என்று 2014-ல் விதியே கொண்டு வந்தார்கள். வாங்கும்போது அதன் முனை கதவுப் பக்கம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக நீட்டிக்கொண்டிருந்தால் புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளும்.

கதவின் உச்சியிலும் அடியிலும் மட்டும் தாழ்ப்பாள் இருந்தால், எட்டவும் முடியாமல் குனியவும் முடியாமல் முதியவர்கள் தவிப்பார்கள். பகலில் போடும் தாழ்ப்பாள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும்.

அலமாரியும் ஜன்னலும்

கண்ணாமூச்சி ஆடும் குழந்தைகளுக்கு அலமாரிதான் முதல் மறைவிடம். சாத்தியதும் 'கிளிக்' என்று தானே மாட்டிக்கொள்கிற கொக்கி அதற்கு ஆகாது. கைவிட்ட பழைய ஃபிரிட்ஜ்களுக்குள் ஒளிந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால்தான், உள்ளேயிருந்து தள்ளினாலும் திறக்கும்படி ஃபிரிட்ஜ் கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-ல் சட்டம் போட்டது. அலமாரிக்கும் அதே நியாயம்தான். காந்தம் வைத்த பிடிப்பு போதும். குழந்தை தள்ளினால் திறந்துவிடும். உயரமான அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். டிராயர்களை இழுத்துப் படியாக ஏறும் குழந்தையின் மேல் அது சாயாது.

ஜன்னல் கொக்கி முரண்டு பிடித்தால் வீட்டில் யாரும் ஜன்னலையே திறக்க மாட்டார்கள். காற்றோட்டம் போய்விடும். கொசு வலைச் சட்டம் போடும்போது, அதைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் அசையாத கிரில் போடுகிறோம். தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது? ஒரு ஜன்னலிலாவது திறக்கிற கிரில் வைத்து, சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

துருப்பிடித்த தாழ்ப்பாள் அவசரத்தில் அசையாது. எவர்சில்வரில் 202 ரகம் மலிவு. ஆனால் 304 ரகம்தான் துருவை நன்றாகத் தாங்கும். கடற்கரை ஊர்க்காரர்கள், வெளிக்காற்று படும் இடங்களுக்கு 316 கேளுங்கள். உப்புக் காற்றைத் தாங்குவதற்காகவே அதில் மாலிப்டினம் சேர்க்கிறார்கள்.

"இதுக்கெல்லாம் காசுக்கு எங்கே போறது?" என்கிறீர்களா? எல்லாக் கதவையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். முதலில் குளியலறை, பிறகு முதியவர் அறை, அடுத்தது குழந்தைகள் புழங்கும் அலமாரி. வரவேற்பறைக் கைப்பிடி காத்திருக்கலாம். டஜன் கணக்கில் வாங்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று வாங்கி வந்து, சோப்பு நுரைக் கையோடு திறந்து பாருங்கள்.

அதைவிடச் சுலபம், கடைக்குப் போகும்போது வீட்டுப் பெரியவரையும் கூட்டிப் போவது. அவர் கையில் கொடுங்கள். "இது சுலபமா இருக்கு" என்று எதைச் சொல்கிறாரோ, அதற்கு பில் போடச் சொல்லுங்கள்.