பெயரே முதல்

மும்பை பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இருக்கும் வைரச் சந்தையில் ஒரு தரகரின் பின்னால் அரை நாள் நடந்தால் போதும். தரகர் ஒரு அலுவலகத்துக்குள் நுழைகிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், எடையும் ரகமும் குறித்த காகிதப் பொட்டலம் ஒன்றை அவர் பக்கம் தள்ளுகிறார். தரகர் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். பொட்டலம் உள்பைக்குள் போகிறது, ஆள் வெளியே போய்விடுகிறார். உள்ளே இருந்த கற்களின் விலை சில லட்சம் இருக்கலாம், கோடியைத் தொடலாம். யாரும் ஈடு கேட்கவில்லை. முன்பணம் என்ற பேச்சே எழவில்லை.

அந்தச் சீட்டுக்கு ‘ஜாங்கட்’ என்று பெயர். சரக்கு பார்வைக்காகத் தரப்பட்டது, விலை படியும்வரை அது கொடுத்தவருக்கே சொந்தம், கேட்டால் திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். ஜாங்கட் தகராறுகள் 1930-களிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. ஆனாலும் கோர்ட்டுக்குப் போவது கையாலாகாதவரின் கடைசி வழி என்றுதான் சந்தை நினைக்கிறது. திருடுபோன கல்லை மறுபடி பட்டை தீட்டிவிட்டால் அதைப் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது. எந்த நீதிபதி எதைப் பறிமுதல் செய்வது?

தரகர் அடுத்த அலுவலகத்துக்குப் போகிறார். வாங்குகிறவர் கற்களைக் காகிதத்தில் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு விலை சொல்கிறார். பொட்டலம் மூடி ஒட்டப்பட்டு, சொன்ன விலை மேலே எழுதப்படுகிறது. சொந்தக்காரர் பதில் சொல்லும்வரை வேறு யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. படிந்தால் பணம் 60 நாளிலோ, 90 நாளிலோ, 120 நாளிலோ வரும். நடுவில் நின்ற தரகருக்கு நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் கீழோ கிடைக்கும்.

நிர்வாகப் படிப்பு சொல்லித் தருகிறவர்கள் இதைத்தான் ‘நெட்வொர்க்கிங்’ என்கிறார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிலரங்கு நடக்கிறது. கைகுலுக்குவது எப்படி, விசிட்டிங் கார்டை எந்தக் கையால் நீட்டுவது என்று வகுப்பு எடுக்கிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறவர் பையில் 40 கார்டு இருக்கும், அந்த 40 பேரில் ஒருவர்கூட அவரை நம்பி 400 ரூபாய் கைமாற்றுத் தரமாட்டார். வைரக்காரர்களின் கணக்கு தலைகீழ். யாரையெல்லாம் தெரியும் என்பதைவிட, இவனை யாருக்கெல்லாம் தெரியும், இவன் அப்பனை எத்தனை வருடமாகத் தெரியும் என்பதே அங்கே கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர்கள் முதலில் பாலன்பூர் ஜைனர்கள்தான். வட குஜராத்தில் ஒரு நவாபின் ஆட்சியில் இருந்த சிறிய ஊர் பாலன்பூர். அங்கிருந்து கிளம்பிய சில குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பம்பாயில் வைரம் விற்றன. 1960-களில் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆன்ட்வெர்ப்பிலும் இஸ்ரேலிலும் கூலி ஏறிவிட்டதால், கடுகளவுக் கற்களைத் தீட்டினால் அங்கே கட்டுப்படியாகவில்லை. பாலன்பூர்க்காரர்கள் அந்தக் கழிவுக் கற்களை வாங்கி வந்து சூரத்தில் தீட்டி அனுப்பினார்கள். இன்று உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்தில் ஒன்பது இந்தியக் கைகளில், பெரும்பாலும் சூரத்தில்தான், உருப்பெறுகிறது.

சூரத்தில் தீட்டியவர்கள் வேறு ஆட்கள். அம்ரேலி, பாவ்நகர் பக்கம் மழையை நம்பி ஏமாந்த சௌராஷ்டிரப் பட்டேல் விவசாயிகளின் பிள்ளைகள். மும்பைக்காரர் கச்சா வைரத்தைக் கொடுப்பார், சூரத்துக்காரர் தீட்டித் திருப்பித் தருவார். நல்ல கல்லை எடுத்துக்கொண்டு மட்டக் கல்லை வைத்துவிடலாம். தீட்டும்போது தேய்மானம் அதிகம் என்று கதை சொல்லலாம். ஆகவே முதலில் சிறிய பொட்டலம். கணக்கு ஒழுங்காக வந்தால் அடுத்தது கொஞ்சம் பெரியது. இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் போனபின், அந்தப் பட்டேல்களில் பலர் தாங்களே ஏற்றுமதியாளர்கள் ஆனார்கள். சாதியும் ஊரும் வேறாக இருந்தும் கதவு திறந்தது. ஆனால் அது ஒரு பயிலரங்கில் திறக்கவில்லை.

தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். வைரச் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதற்காக வைரக்காரர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. ஏமாற்றினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும், அதுதான் விஷயம். தவணை நாள் தாண்டி ஒரு வாரம் ஆனால் தேநீர்க் கடையில் பேச்சு அடிபடும். ஒரு மாதம் ஆனால் அந்தப் பெயருக்குக் கடன் தவணை சுருங்கும். ஒரேயடியாகக் கைவிரித்தால் அண்ணனின் கடைக்கும் சரக்கு வராது. தங்கைக்குப் பார்த்து வைத்திருந்த வரன் தட்டிப்போகும். கொள்வினை கொடுப்பினை எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் என்பதால், கடன்காரன் ஓடிப்போக ஊர் இருக்கலாம், உறவு இருக்காது. ஜாமீன் கேட்காத தொழில் என்று வெளியே இருப்பவர்கள் வியக்கிறார்கள். உண்மையில் முழுக் குடும்பமுமே ஜாமீனில்தான் இருக்கிறது.

உறவே இல்லாதவர்களிடம் என்ன செய்வது? ஆன்ட்வெர்ப் வைரத் தெருவில் குஜராத்தி ஜைனரும் கறுப்பு அங்கி போட்ட யூதரும் பேரம் பேசுகிறார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூட வழியில்லை. ஒருவருக்குக் கிழங்கு ஆகாது, இன்னொருவருக்கு மத விதிப்படி சமைக்காத எதுவும் ஆகாது. பேரம் படிந்தால் கைகுலுக்கி ‘மஸால்’ என்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று பொருள்படும் ஹீப்ரு சொல். அதைச் சொன்னபின் பின்வாங்க முடியாது. பாலன்பூர்க்காரரும் அதையே சொல்கிறார். அமெரிக்கச் சட்ட அறிஞர் லிசா பெர்ன்ஸ்டைன் 1992-ல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க் வைர வியாபாரிகள் அரசின் சட்டத்தை ஒதுக்கிவிட்டு எப்படித் தொழில் நடத்துகிறார்கள் என்பதை விவரித்தது. தகராறு வந்தால் சந்தைக்குள்ளேயே நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள், ரகசியமாக. தீர்ப்புக்குக் கட்டுப்படாதவரின் படமும் பெயரும் உலகத்தின் மற்ற வைரச் சந்தைகளிலும் ஒட்டப்படும். கல்யாண வீட்டில் பரவும் பேச்சு செய்யும் வேலையை அங்கே அறிவிப்புப் பலகை செய்கிறது.

சூரத்துக்கும் மும்பைக்கும் நடுவே 260 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தைக் கடக்க இன்னொரு வகை நம்பிக்கை வேண்டியிருந்தது. அங்காடியா என்ற கூரியர்கள். (தமிழ் அங்காடி நினைவுக்கு வந்தால் தவறில்லை, ஆனால் இது குஜராத்திச் சொல்.) பெரும்பாலும் வட குஜராத்தின் மேசானா பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்கு எடுக்கப்படும் இந்த ஆட்கள், கற்களையும் ரொக்கத்தையும் மூட்டைகளில் கட்டி இரவு ரயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்த ஊரில் யாராவது ஒருவர் பொறுப்பேற்காமல் யாரும் வேலைக்குச் சேர முடியாது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்காததுதான் அவர்கள் விற்கும் சேவை. வருமான வரித் துறை கேட்டது. 2013 ஜூலையில் மும்பை சென்ட்ரல் அருகே லாரிகளில் போய்க்கொண்டிருந்த அங்காடியா மூட்டைகளை மடக்கிப் பிடித்தார்கள். உள்வட்டத்தில் நாணயம் என்று பெயர் வாங்குவது, வெளியிலிருந்து பார்க்கும்போது வரி ஏய்ப்புக்கு வசதியாகவும் தெரியலாம். இரண்டும் ஒரே மூட்டையில் பயணம் செய்கின்றன.

2018 தொடக்கத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் வெடித்தபோது இந்த முரண்பாடு நாட்டுக்கே தெரிந்தது. மும்பைக் கிளை ஒன்று, போதிய ஈடு இல்லாமலும் வங்கியின் கணினிப் பதிவில் ஏற்றாமலும் வருடக்கணக்காக உத்தரவாதக் கடிதங்கள் கொடுத்துவந்தது என்பது குற்றச்சாட்டு. தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நீரவ் மோடியும் மெஹுல் சோக்சியும் அதற்குள் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். யார் எவ்வளவு குற்றவாளி என்பது நீதிமன்றங்களின் வேலை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. வங்கி அதிகாரிகள் வைரக்காரர் மாதிரி நடந்துகொண்டார்கள்: தெரிந்த ஆள், பெரிய பெயர், காகிதம் எதற்கு. வைரக்காரரிடம் இருந்த மற்ற ஆயுதங்கள் எதுவும் அவர்களிடம் இல்லை. தேநீர்க் கடைப் பேச்சு வங்கியின் காதுக்கு எட்டாது. பணம் வராவிட்டால் வங்கி யாருடைய கல்யாணத்தையும் நிறுத்த முடியாது. அதன்பின் வங்கிகள் சூடு கண்ட பூனைகளாகின. ஒழுங்காகத் தவணை கட்டிவந்த சின்ன வியாபாரிகளுக்கும் கடன் இறுகியது.

நம்பிக்கைக்குக் கட்டடம் கட்டித் தரலாம் என்ற எண்ணமும் சோதித்துப் பார்க்கப்பட்டது. தெற்கு மும்பை ஆபரா ஹவுஸ் பகுதியில் பஞ்சரத்னா கட்டடத்தைச் சுற்றி, நடைபாதையிலும் சாப்பாட்டுச் சந்திலும் நின்றபடியே வியாபாரிகள் தொழில் பார்த்தார்கள். 2010-ல் பாந்த்ரா–குர்லாவில் பாரத் டைமண்ட் போர்ஸ் திறந்தபோது பலர் இடம்பெயரத் தயங்கினார்கள். 2011 ஜூலை 13 மாலை, அதே சந்தில் குண்டு வெடித்தது. அன்று மும்பையில் மூன்று இடங்களில் நடந்த வெடிப்புகளில் 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின்தான் கூட்டம் புதிய இடத்துக்கு வேகமாக நகர்ந்தது. சூரத்தில் 2023 டிசம்பர் 17 அன்று பிரதமர் திறந்துவைத்த வைரச் சந்தை இன்னும் பிரம்மாண்டம்: ஒன்பது கோபுரங்கள், 4,500-க்கு மேல் அலுவலகங்கள், பெண்டகனைவிடப் பெரிய பரப்பு. திறப்பு விழா முடிந்தும் பெரும்பாலான கதவுகள் பூட்டியே கிடந்தன. மும்பையிலிருந்து முழுசாகக் குடிபெயர்வதாக அறிவித்த பெரிய நிறுவனம் ஒன்று சில வாரங்களில் மனம் மாறியது. வாங்குகிறவர் இல்லாத இடத்துக்கு விற்கிறவர் போகமாட்டார், விற்கிறவர் இல்லாத இடத்துக்கு வாங்குகிறவர் வரமாட்டார். யார் முதலில் போவது என்று எந்தக் கட்டட வரைபடத்திலும் எழுதியிருக்காது.

இந்த வட்டத்தைப் புகழ்கிறவர்கள் பொதுவாக இதோடு நிறுத்திக்கொள்வார்கள். வட்டத்துக்கு விளிம்பு இருக்கிறது. அங்கே சாணைச் சக்கரத்தைச் சுற்றி நான்கு பேராக உட்கார்ந்து கல் தீட்டுகிறவர் இருக்கிறார். அவரை ‘ரத்ன கலாகார்’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள். கூலி பெரும்பாலும் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. நியமனக் கடிதம் இல்லாமல், வருங்கால வைப்பு நிதி இல்லாமல், முதலாளியின் வாய்ச்சொல்லில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். மேலே வியாபாரிகளுக்கு நடுவில் சொல் இரண்டு பக்கமும் கட்டுகிறது, ஏனென்றால் மீறினால் இரண்டு பேருக்கும் நஷ்டம். சாணைப் பட்டறையில் சொல் ஒரு பக்கம்தான் கட்டும். தொழிலாளி ஒரு கல்லைத் தொலைத்தால் ஊர் முழுக்கப் பெயர் கெடும். முதலாளி தீபாவளி விடுமுறையை இரண்டு மாதமாக நீட்டினால் எந்தச் சந்தையிலும் அவர் படத்தை ஒட்டமாட்டார்கள்.

2008 உலக நெருக்கடியில் சூரத் பட்டறைகள் மூடியபோது ஆயிரக்கணக்கானவர்கள் சௌராஷ்டிர கிராமங்களுக்கு ரயிலேறினார்கள். 2024-ல் மறுபடி அதே நிலைமை. ஆய்வுக்கூட வைரம் மலிந்து இயற்கைக் கல்லின் விலையை இழுத்தது. ஜி-7 நாடுகள் ரஷ்ய வைரத்துக்குத் தடை போட்டன. அமெரிக்காவிலும் சீனாவிலும் வாங்குவது குறைந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. வேலையும் கூலியும் குறைந்த வீடுகளில் தற்கொலைகள் நடந்தன. தொழிற்சங்கம் உதவி எண் ஒன்றை அறிவித்து அழைப்புகளை ஏற்றது.

குஜராத் அரசு 2025 மே மாதத்தில் ஒரு நிவாரணத் திட்டம் அறிவித்தது. வேலை இழந்த வைரத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணத்தில் உதவி. விண்ணப்பிக்கிறவர் இந்தத் தொழிலில் இருந்தவர் என்பதைக் காட்டியாக வேண்டும். பதினைந்து வருடம் ஒரே சக்கரத்தின் முன் குனிந்து உட்கார்ந்தவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது, அடையாள அட்டை கிடையாது. கோடி ரூபாய்ச் சரக்கு ஒரு துண்டுச் சீட்டில் கைமாறும் தொழிலில், தான் வேலை பார்த்தேன் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்டு அவர் பழைய முதலாளியின் வாசலில் நிற்கவேண்டியிருந்தது.