கீரைக்கு என்ன அடிச்சீங்க?

ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் நடந்தது இது. என் கடையில் அரைக்கீரைக் கட்டை எடுத்துப் பார்த்த ஒரு அம்மா, "கீரைக்கு என்ன அடிச்சீங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தானே நாம் காத்துக்கொண்டிருப்போம்! "மருந்தே கிடையாதுங்கம்மா. பஞ்சகவ்யம் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதுல சாணி, கோமியமெல்லாம் இருக்குமே, இலை மேலேயா அடிக்கிறீங்க? என்னைக்கு அடிச்சீங்க?"

"முந்தாநாளுங்க."

கட்டை மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ரசாயனக் கீரையைக் கேள்வியே கேக்காம வாங்குறாங்க, நம்மகிட்ட மட்டும் நியாயம் பேசுறாங்க" என்று பக்கத்துக் கடை நண்பரிடம் புலம்பினேன். ராத்திரி படுத்தபிறகு யோசித்தால், அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் நண்பர்கள் சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்கும் வாழைக்கும் தெளிப்பது வேறு, கீரைக்குத் தெளிப்பது வேறு. நெல்லில் இலை வைக்கோலாகப் போகிறது. நாம் உண்பது உமிக்குள் இருக்கும் அரிசியை. கீரையில் இலைதான் உணவு. சிறுகீரைக்கு ஆயுளே ஏறக்குறைய 25 நாள். இலையில் எதை அடித்தாலும் அது ஒரு வாரத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சட்டிக்குப் போய்விடும்.

கொடுமுடி டாக்டர் நடராசன் பரப்பிய பஞ்சகவ்யத்தை நான் குறை சொல்லவில்லை. என் தென்னையும் மஞ்சளும் அதில்தான் தேறின. நன்றாக ஊறிய கரைசலில் கேடு செய்யும் கிருமிகள் குறையும் என்பதும் சரி. ஆனால் என் டிரம்மில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு மிச்சம் என்று நான் எப்படி அறிவேன்? இரண்டு மூன்று நாளில் தயாராகும் ஜீவாமிர்தத்தில் பச்சைச் சாணமே இருக்கிறது. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், மக்காத சாணத்தை மண்ணில் கலந்தபிறகு அறுவடைக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும். உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிர் என்றால் 120 நாள். நாமோ முந்தாநாள் தெளித்துவிட்டு இன்றைக்கு விற்கிறோம். சமைத்தால் கிருமி சாகும்தான். ஆனால் கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சையாகவே அரைக்கிறார்களே?

சரி, சாணக் கரைசல் வேண்டாம், கடையில் 'ஆர்கானிக்' என்று விற்கும் பாட்டிலை வாங்கலாமா? கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் என்று வரிசையாக நிற்கின்றன. மத்திய அரசு 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, இவற்றை 'உயிர் ஊக்கிகள்' என்ற வகையில் சேர்த்தது. அதன் விளக்கத்தைப் படித்தாலே பாதி தெளிவு கிடைக்கும். அதில் ஊட்டச்சத்து இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. பயிரின் உடல் இயக்கத்தைத் தூண்டுவதுதான் அதன் வேலை. அதாவது, அது உரம் அல்ல.

நான் 34 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஊக்கி என்பது கவுன்ட்டரில் சுறுசுறுப்பான காசாளர் மாதிரி. பணத்தை வேகமாக எடுத்துத் தருவார். ஆனால் கணக்கில் பணம் இருந்தால்தானே தருவார்?

கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ கீரை விற்றால், அதோடு ஏறக்குறைய அரைக் கிலோ தழைச்சத்து நம் நிலத்தை விட்டுப் போகிறது. வேப்பம் பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 5 சதம். ஆக, எடுத்ததைத் திருப்பிக் கட்ட 10 கிலோ பிண்ணாக்கு வேண்டும். டேங்குக்கு 30 மில்லி ஊற்றும் பாட்டிலால் இந்தக் கடனை அடைக்க முடியுமா?

போன தை மாதம் சிறுகீரையில் நானே பார்த்தேன். இரண்டு பாத்திக்குக் கடற்பாசிச் சாறு, இரண்டுக்கு வெறும் தண்ணீர். அடித்த பாத்தி கொஞ்சம் பசுமையாக நின்றது. பாத்திக்கு இரண்டு மூன்று கட்டு கூட வந்தது. அந்தப் பணம் பாட்டில் விலைக்கே கட்டவில்லை. வறட்சி, உப்புத் தண்ணீர், நட்ட நாற்றின் வாட்டம் போன்ற சமயங்களில் கடற்பாசிச் சாறு உதவுகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல மண்ணில் நிற்கும் 25 நாள் பயிருக்கு அது எதற்கு?

இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்டு சட்டென்று நீள்வதற்காக ஜிபரெல்லிக் அமிலம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வளர்ச்சி ஒழுங்கி. 1968ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருவது. பாட்டிலில் என்ன இருக்கிறது, எத்தனை சதம், எந்தத் தேதியில் தயாரித்தது என்று அச்சிடாத எதையும் வாங்காதீர்கள். கையெழுத்தில்லாத காசோலையை வாங்குவோமா?

அதற்காக மண்ணில் அள்ளிக் கொட்டவும் கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் கீரை அதை நைட்ரேட்டாக இலையில் சேர்த்துவைக்கும். யூரியாவில் வந்ததா, கோழி எருவில் வந்ததா என்று இலை பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாலக்கீரைக்கு, கிலோவுக்கு 3,500 மில்லிகிராம் நைட்ரேட் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள்.

பிறகு என்னதான் செய்வது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பலதானியம் விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுகிறேன். விதைப்புக்கு முன் நன்றாக மக்கிய தொழுவுரமும் அளவான வேப்பம் பிண்ணாக்கும் பாத்திக்குப் போகின்றன. பச்சைச் சாணம் கீரைப் பாத்திப் பக்கமே வருவதில்லை. கிள்ளிக் கிள்ளி எடுக்கும் கீரைக்கு, கிள்ளிய மறுநாள் கடலைப் பிண்ணாக்கு ஊறிய தண்ணீரைப் பாசனத்தோடு விடுகிறேன். முளைத்தபிறகு இலையில் தண்ணீரைத் தவிர எதுவும் படுவதில்லை. பஞ்சகவ்யம் தென்னைக்கும் மஞ்சளுக்கும் போகிறது.

மகசூல் குறையவில்லையா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு போகம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் பழையபடி வந்துவிட்டது. தெளிப்புக் கூலி மிச்சம்.

நம்மிடம் வாங்குகிறவர்கள் கூடுதல் விலை கொடுப்பது நம்பிக்கைக்குத்தான். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து, அது நம் கீரையால் என்று பேச்சு வந்தால், அந்தச் சந்தையில் கடை போட்டிருக்கும் அத்தனை பேருக்கும்தான் அடி. அதனால் நம் குழுக்களில் இதைப் பேசி முடிவெடுப்போம்: கீரையின் இலையில் எதையும் தெளிப்பதில்லை என்று.

அந்த அம்மா இன்னும் என் கடைப்பக்கம் வரவில்லை. வந்து திரும்பவும் கேட்டால், "ஒண்ணும் அடிக்கலீங்கம்மா" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வேன்.