கேமரன் மலைக் குளிரில் இளகும் ஐஸ்கிரீம்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் மலையேறினால் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் கம்போங் ராஜா. அங்கே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி என் அக்காள் வீடு இருக்கிறது. மழை நாட்களில் மாலை ஆறு மணிக்கே கம்பளிச் சட்டை தேடும் ஊர். அந்த ஊரில்தான் அக்காள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி குளிரவில்லை என்று எனக்குத் தொலைபேசி வந்தது.

“மாமா, ஐஸ் கட்டியாத்தான் இருக்கு. ஐஸ்கிரீம் மட்டும் காலையில கூழா இருக்கு. சாயங்காலம் பார்த்தா மறுபடியும் கெட்டியாயிடுது” என்றாள் மூன்றாம் படிவம் படிக்கும் அக்காள் மகள். பின்னால் அக்காளின் குரல்: “கதவை நூறு தடவை திறந்து திறந்து பார்த்தா எப்படிக் குளிரும்?”

பழுது பார்க்க வந்தவர் பிற்பகலில் வந்தார். பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார். “கேஸ் இறங்கிடுச்சி, அடிக்கணும்” என்று சொல்லி 250 ரிங்கிட் கேட்டார். தோட்டத்து வேலையில் இருக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அக்காள் கொடுத்துவிடத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் வரும்வரை பொறுக்கச் சொன்னேன்.

வீட்டில் ஒரு பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்றால் நாம் முதலில் பணப்பையை எடுக்கிறோம். வெப்பமானியை யாரும் எடுப்பதில்லை. இந்தப் பழக்கத்தை மாற்றக்கூடியவர்கள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் படிக்கும் நீங்கள்தான் என்பது என் கருத்து. அந்த வீட்டில் சரியான தடயத்தைக் கவனித்த ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவள் சொன்னதை நான்கூட முதலில் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அவள் சொன்னதில் இரண்டு தடயங்கள் இருந்தன. முதலாவது, ஐஸ் கட்டி கெட்டியாக இருக்கிறது, ஐஸ்கிரீம் இளகுகிறது என்பது. தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். அதற்குக் கீழே எவ்வளவு போனாலும் கட்டி கட்டிதான்; −2 ஆனாலும் −18 ஆனாலும் விரலுக்கு ஒரே கெட்டி. ஐஸ்கிரீமில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை கரைந்த நீரின் உறைநிலை 0க்குக் கீழே போய்விடும். அதில் ஒரு பங்கு நீர் பனியானதும் மிச்சமுள்ள பாகில் சர்க்கரை செறிவு கூடும், உறைநிலை மேலும் இறங்கும். அதனால் ஐஸ்கிரீம் ஒரேயடியாக உறைவதில்லை. குளிர் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகும். −18இலும் அதில் சிறிதளவு நீர் உறையாமல் இருப்பதால்தான் கரண்டி இறங்குகிறது. −8க்கு வந்தால் குழைந்துவிடும். ஆக, ஐஸ்கிரீம் ஒரு சுமாரான வெப்பமானி. ஐஸ் கட்டி வெப்பமானியே இல்லை.

(உறைந்த நீர்க் கோப்பையின் மேல் 20 சென் காசு ஒன்றை வைத்துவிட்டு வெளியூர் போகச் சொல்வார்கள். திரும்பி வரும்போது காசு உள்ளே இறங்கியிருந்தால் இடையில் மின்சாரம் போய் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். நல்ல உத்திதான். ஆனால் −6இல் தத்தளிக்கும் பெட்டியை அது காட்டிக்கொடுக்காது.)

உறைபகுதிக்கு −18 என்பது உலகம் முழுவதும் வழங்கும் அளவு. அது பாரன்ஹீட் கணக்கில் ஏறத்தாழ 0. அந்தக் குளிரில் மாதக்கணக்கில் தாங்கும் மீன், −8இல் அவ்வளவு காலம் தாங்காது. ஈப்போவுக்கு இறங்கி மொத்தமாக மீனும் கோழியும் வாங்கி வைக்கும் வீட்டுக்கு இது விளையாட்டில்லை.

இரண்டாவது தடயம் இன்னும் பெரியது: காலையில் இளகல், மாலையில் கெட்டி. கேஸ் கசிந்து குறைந்திருந்தால் என்ன நடக்கும்? பெட்டி தன் முழு வலிமையோடு குளிர்விக்க முடியாது. வெயில் ஏறும் பகலில்தான் அது மிகவும் திணற வேண்டும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடவேண்டும், மேல் அறை கீழ் அறை இரண்டும் கெட வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். பகலில் சரியாகிறது, இரவில் கெடுகிறது. கீழ் அறையில் பாலும் கீரையும் குறையில்லாமல் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேஸ் என்பது மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பவரிடம் “எங்கே கசிகிறது?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததும் முதலில் தப்புதான். போன உடனே கதவு ரப்பரைச் சந்தேகித்தேன். ஒரு ரிங்கிட் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது. பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். உள்ளே பனி மண்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பனி உருக்கும் சூடேற்றி கெட்டால் குளிர்க்குழாய்களைச் சுற்றிப் பனி அடைத்துக்கொண்டு காற்று ஓடாது. ஆனால் அப்போது முதலில் கெடுவது கீழ் அறை. இங்கே கீழ் அறை நன்றாக இருந்தது. அரை நாள் வீண். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எந்த அறை கெட்டிருக்கிறது, கம்ப்ரசர் ஓடுகிறதா ஓய்கிறதா என்பதே.

ஈப்போவில் வாங்கி வந்த இரண்டு சிறிய வெப்பமானிகளை வைத்தோம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கண்ணாடி வெப்பமானி பெரும்பாலும் −10 வரைதான் காட்டும், அதனால் இதற்கு உதவாது. ஒன்றை மேலே உறைந்த பொட்டலங்களுக்கு நடுவில் செருகினோம். மற்றொன்றைக் கீழே ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தினோம். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்ததுமே அளவு தாவும். அடுப்பங்கரை சுவரில் வீட்டிலிருந்த பழைய வெப்பமானி. விடியற்காலை ஐந்தரைக்கு அக்காள் மகள் எழுந்து குறித்தாள்: அடுப்பங்கரை 14, கீழ் அறை 4, உறைபகுதி −9. கம்ப்ரசர் சத்தமே இல்லை. அவள் கால்மணி நேரம் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அக்காள், “இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சி” என்றார்.

அந்த மௌனம்தான் விடை. பெட்டிக்கு இரண்டு அறைகள். குளிர்விக்கும் கம்ப்ரசர் ஒன்றே ஒன்று. அதை எழுப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றுதான். பல சாதாரண இரட்டைக் கதவுப் பெட்டிகளைப் போல, அந்த வீட்டுப் பெட்டியிலும் தெர்மோஸ்டாட் இருப்பது கீழ் அறையில். அதற்கு மேல்மாடியில் நடப்பது தெரியாது. கீழே சூடேறினால் கம்ப்ரசரை எழுப்பும், கீழே குளிர்ந்தால் உறங்க விடும்.

இப்போது ஒரு கணக்கு. சுவர் வழியாக உள்ளே கசியும் வெப்பம், வெளியே இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. ஈப்போவில் அடுப்பங்கரை 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 டிகிரியில் இருக்கும் கீழ் அறைக்கு வேறுபாடு 27. −18இல் இருக்கும் உறைபகுதிக்கு 49. அதே பெட்டியைக் கம்போங் ராஜாவின் 14 டிகிரி அடுப்பங்கரையில் வையுங்கள். கீழ் அறைக்கு வேறுபாடு 10, உறைபகுதிக்கு 32. கீழ் அறைக்குள் வரும் வெப்பம் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. உறைபகுதிக்கு வருவதோ 65 விழுக்காடு. கம்ப்ரசர் ஓடும் நேரத்தை முடிவு செய்வது கீழ் அறை. அது, “எனக்குப் போதும்” என்று சொல்லிவிடுகிறது. மேலே இருப்பவனுக்குப் போதவில்லை. அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

பகலில் அடுப்பு எரிகிறது, வெயில் ஏறுகிறது, ஆட்கள் கதவைத் திறக்கிறார்கள். கீழ் அறைக்குள் வெப்பம் போகிறது, கம்ப்ரசர் ஓடுகிறது, அதன் பலனில் மேலேயும் குளிர்கிறது. அக்காள் திட்டிய அந்த நூறு தடவைத் திறப்புதான் ஐஸ்கிரீமைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! குளிர்நாடுகளில் சில பெட்டிகளில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கீழ் அறை விளக்கு மங்கலாக எரிந்து அந்த அறையைக் கொஞ்சம் சூடாக்கும், உறைபகுதி குளிர்வதற்காக.

சரி, என்ன செய்தோம்? அக்காள், “இந்தக் குளிருக்கு 1 போதும்” என்று கீழ்த் திருகியை ஆண்டுக்கணக்கில் 1இல் வைத்திருந்தார். மாப்பிள்ளை ஒருமுறை கோபத்தில் அதைக் கடைசி எண்ணுக்குத் திருப்ப, கீழே இருந்த சாலட் கீரை உறைந்து கண்ணாடியாகிவிட்டதாம். கேமரன் மலையில் கீரையை வீணாக்கியவர் என்ற பட்டம் இன்றும் அவருக்கு உண்டு. அதனால் அதைத் தொடவில்லை. மேல் அறையில் இன்னொரு திருகி இருக்கிறது. அந்தப் பெட்டியில் அது, கீழே போகும் குளிர்காற்றின் வழியைத் திறந்து மூடும் ஒரு சிறு கதவு. அதை அதிகக் குளிர்ப் பக்கம் திருப்பினால் கீழே போகும் காற்று குறையும். கீழ் அறை குளிர நேரமாகும். கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். மறுநாள் விடியலில் −13. அதன் பிறகுதான் பெட்டியைத் தகரக் கூரைப் பின்கட்டிலிருந்து நகர்த்தி, இரவில் 18க்குக் கீழே இறங்காத நடு அறையில் வைத்தோம். −17. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது எவ்வளவு உதவியது என்று தெரிந்திருக்காது.

செலவு, வெப்பமானிக்கான விலை மட்டும்.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் மருந்து இல்லை. கோலாலம்பூரில் உங்கள் உறைபகுதி இளகினால் குளிரைக் குறை சொல்ல முடியாது. ரப்பர், தூசி, பனி அடைப்பு, காற்றாடி என்று வழக்கமான இடங்களில்தான் தேட வேண்டும். அறைக்கு ஓர் உணரி வைத்த புதிய பெட்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. எந்த வீட்டிலும் கத்தியால் பனியைக் குத்தாதீர்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் கேஸ். பின்பக்கத்தைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கு உரியது. கவனிப்பதும் அளப்பதும் குறித்து வைப்பதும் நம் வேலை.

கடைகளின் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெட்டியின் கதவில் மின்சாரச் சேமிப்பு நட்சத்திர முத்திரை பெரிதாக ஒட்டியிருக்கிறது. அந்தப் பெட்டி எந்த வெப்பநிலையில் வேலை செய்யும் என்பதோ உள்ளே காய்கறித் தட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். அதற்கு அனைத்துலக அளவில் எழுத்துக் குறிகள் இருக்கின்றன: டி என்றால் 16 முதல் 43 டிகிரி வரை, எஸ்டி என்றால் 16 முதல் 38, என் என்றால் 16 முதல் 32, எஸ்என் என்றால் 10 முதல் 32. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கென வகுத்தது டி. அக்காள் வீட்டுப் பெட்டியிலும் அதுதான். 14 டிகிரி அடுப்பங்கரை அதன் வாக்குறுதிக்கு வெளியே இருக்கிறது.

நம் நாட்டில் பதிவான மிக அதிக வெப்பநிலை 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில். மிகக் குறைந்தது 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, இதே கேமரன் மலையில். இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டியை விற்கும் கடைக்காரர், மலைக்கு அனுப்பும்போது “இரவில் குளிரும் பின்கட்டில் வைக்காதீர்கள்” என்று ஒரு வரி சொல்லலாம். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

அக்காள் மகள் இன்னும் விடியலில் எழுந்து மூன்று அளவுகளையும் நோட்டில் எழுதுகிறாள். பக்கத்து வீட்டு அம்மா, தங்கள் பெட்டியையும் வந்து பார்க்கும்படி கூப்பிட்டிருக்கிறார். அங்கே கீழ் அறைதான் குளிரவில்லையாம்; கம்ப்ரசர் நிற்கவே இல்லையாம். “அது வேற நோய், மாமா” என்றாள்.