திசு வாழை மேல் ஏன் இத்தனை பழி?

பழக்கடைகளில் இப்போது ஒரு கேள்வி தவறாமல் காதில் விழுகிறது: "அண்ணாச்சி, இது நாட்டுப் பழமா, லேப் பழமா?" கேட்பவரின் விரல் மஞ்சள் மோரிஸ் சீப்பைக் காட்டும். விவசாயிகள் ஜி-9 என்று சொல்லும், திசு வளர்ப்பில் பெருக்கிய கிராண்ட் நைன் ரகம் அது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகளை நம்பினால், அது மரபணு மாற்றிய பழம், விதை இல்லாததால் மலட்டுத்தன்மை தரும், ஹார்மோனில் ஊறியது, நம்மூர் ரகங்களை ஒழிக்க வந்தது. கடைசிக் குற்றச்சாட்டில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதையும் தப்பான ஆள் மேல் சுமத்துகிறார்கள்.

முதலில் மரபணு மாற்றம். திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தில் நடப்பதை அருகே நின்று பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். நல்ல தார் போட்ட தாய்மரத்தின் பக்கத்தில் முளைக்கும் ஈட்டி இலைக் கன்றைத் தோண்டி எடுக்கிறார்கள். மண்ணைக் கழுவி, வேரை நறுக்கி, கிழங்கையும் மட்டையையும் சீவிக்கொண்டே போனால் நடுவில் வெள்ளை வெளேரென்று சின்னக் குருத்து மிஞ்சும். அதைக் கிருமிநாசினியில் முக்கி, வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்து மறுபடி சீவி, பாட்டிலுக்குள் நிறுத்துகிறார்கள். பாட்டிலில் இருப்பது உப்புகளும் சர்க்கரையும் வைட்டமினும் சேர்த்து அகாரால் உறைய வைத்த கூழ். முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவைதான் இன்றும் பெரும்பாலான கூடங்களில் அடிப்படை. சில வாரங்களில் குருத்தின் அடியில் புது மொட்டுகள் கிளம்பும். பிரித்து வேறு பாட்டிலில் வைக்க, அவையும் கிளைக்கும். வேர் விட்டதும் பசுமைக்குடில், பிறகு நிழல்வலை, பிறகு வயல். வேற்று மரபணு நுழைய இதில் எங்குமே இடமில்லை. தோப்பில் தாய்மரம் பக்கக் கன்று விடுகிறதே, அதே வேலைதான். வேகமும் எண்ணிக்கையும் கூடுதல், அவ்வளவே.

மரபணு மாற்றிய வாழை உலகில் இல்லாமல் இல்லை. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய க்யூகேவ்-4 ரகத்துக்கு ஆஸ்திரேலியா 2024-இல் அனுமதி தந்தது. நம் கடையில் தொங்குவது அது அல்ல. மரபணு மாற்றும் ஆராய்ச்சிக்கும் திசு வளர்ப்பு தேவைப்படுகிறது என்பதால்தான் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

மலட்டுத்தன்மைக் கதைக்கு நீண்ட பதில் வேண்டாம். ரஸ்தாளி, பூவன், நேந்திரன், செவ்வாழை எதிலாவது விதை கடித்து யாருக்காவது பல் உடைந்ததுண்டா? காட்டு வாழைப் பழத்தில்தான் கடினமான கறுப்பு விதைகள் இருக்கும். இந்த ரகங்கள் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழம் திரளும், விதை பிடிக்காது. கண்ணாடிப் பாட்டில் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பே மனிதன் தேர்ந்தெடுத்த குணம் இது. விதையில்லா வாழையைத் தின்றுதான் தமிழ்நாட்டு மக்கள்தொகை இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

அடுத்தது ஹார்மோன். பாட்டிலில் சைட்டோகைனின் வகை வளர்ச்சி ஊக்கி சேர்ப்பது உண்மை; லிட்டருக்குச் சில மில்லிகிராம். அது தாவர ஹார்மோன் வகை, மனித ஹார்மோன் அல்ல. ஆரம்பகால ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பயன்படுத்தியது என்ன தெரியுமா? இளநீர். 1941-இல் வான் ஓவர்பீக் ஊமத்தையின் கருவை வளர்த்தது இளநீர் சேர்த்த ஊடகத்தில்தான். 1950-களில் ஸ்டூவர்டு கேரட் திசுவை வளர்த்ததும் அப்படித்தான். இளநீரில் சைட்டோகைனின் இயற்கையாகவே இருக்கிறது. பாட்டிலைவிட்டு வந்த கன்று, வயலில் ஏறக்குறைய ஓராண்டு நின்று ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து தார் போடுகிறது. குருத்துப் பருவத்துத் துளி பழத்தில் வந்து நிற்கும் என்பது கணக்குக்கே ஒத்துவராது. கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பவர்கள் மேல் கோபம் என்றால் அது நியாயம். ஆனால் அந்தத் தப்பு நடப்பது குடோனில்.

இனி நம்மூர் ரகங்கள். தேனி, கம்பம் பக்கம் ஜி-9 பரவியதற்குக் காரணம் பெரிய தார், ஒரே சமயத்தில் அறுவடை, லாரியில் அடிபடாத தோல், வியாபாரி கேட்கும் அளவு. இவை சந்தையின் விருப்பங்கள். பாட்டிலுக்கு ரகபேதம் தெரியாது. எதை வைத்தாலும் அதுவே பெருகும். இதற்குச் சாட்சி பழனி மலையிலேயே இருக்கிறது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையைக் கீழ்ப்பழனி மலையில் அழித்தது முடிக்கொத்து நோய். அசுவினி பரப்பும் வைரஸ் அது. நோயுள்ள தோப்பிலிருந்து எடுத்து நட்ட பக்கக் கன்று வழியாகவும் பரவும். அதாவது, 'இயற்கையான' முறையே அதைச் சுமந்து போனது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வைரஸ் சோதனை செய்த திசுக் கன்றுகளைக் கொண்டுதான் அந்த ரகத்தை மலைக்குத் திரும்பக் கொண்டுவர முயன்றன. ரகத்தை ஒழிப்பதாகப் பழி சுமக்கும் நுட்பம் செய்த வேலை இது.

குறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் வாட்ஸ்ஆப்பில் வருவது அதுவல்ல. ஒரே குருத்தை அளவுக்கு மீறிக் கிளைக்க விட்டால் குட்டைக் கன்று, கோணல் இலைக் கன்று போன்ற மாறுகன்றுகள் கூடும். பூவன் போன்ற கலப்பு ரகங்களில், வாழையின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே உறங்கும் கோட்டு வைரஸைத் திசு வளர்ப்பு எழுப்பிவிடுவதும் உண்டு. இதற்காகத்தான் 2006-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் திசுக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை வந்தது. வைரஸ் சோதனையும் ரகத் தூய்மைச் சோதனையும் அதில் அடக்கம். சாலையோர நர்சரியில் விலையை மட்டும் பேரம் பேசி, சான்று லேபிளைக் கேட்காமல் ஏற்றி வருபவருக்கு அந்த ஏற்பாட்டால் பயனில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு: வாழையைத் தாக்கும் வாடல் நோய்க்குத் திசுக் கன்று மருந்தல்ல. நோய்ப் பூஞ்சை மண்ணில் இருக்கிறது. இளம் திசுக் கன்றுகள் பக்கக் கன்றைவிட எளிதாக அதற்கு இரையாவதாகவும் ஆய்வுகள் உண்டு. தைவானில் இந்த நோய் ஜி-9 சேர்ந்த கேவண்டிஷ் வகை வாழைத் தோப்புகளைக் காலி செய்தபோது, அங்குள்ள வாழை ஆராய்ச்சி நிலையத்தார் திசுக் கன்றுகளில் தோன்றிய மாறுகன்றுகளையே நோய் மண்ணில் நட்டு, தாங்கி நின்றவற்றைப் பொறுக்கினார்கள். ஃபார்மோசானா என்ற ரகம் அப்படிக் கிடைத்தது. அதைப் பெருக்குவதும் பாட்டிலில்தான்.